பன்னிரு சொல்லில் ஒரு செடி: கார்ல் லின்னேயஸ்

பள்ளிப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும் பெயர்களுள் கார்ல் லின்னேயஸ் என்பதும் ஒன்று. தாவரங்களுக்கு இருசொற்பெயர் முறையை வகுத்தவர் என்பது அவ்வரி. அது பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. இருசொற்பெயர் அவருடைய பெரும்பணியின் ஓரத்தில் முளைத்த ஒன்று. அவர் தம் ஆற்றலைச் செலவிட்டது வேறோர் இடத்தில். கண்முன் இல்லாத ஒரு செடியை, அதனை வாழ்நாளில் கண்டிராத ஒருவர், ஏட்டில் உள்ள சொற்களை மட்டும் துணையாகக் கொண்டு இன்ன செடி என்று ஐயமறத் துணிய வேண்டும். அதற்குரிய சொற்கள் எவை, ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை எது, எத்தனை சொல் போதும் என்னும் வினாக்களே அவரை நாற்பதாண்டுக் காலம் ஆட்கொண்டிருந்தன. சொல்லோடு மல்லுக்கு நிற்போர்க்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

சுவீடன் நாட்டின் தென்பகுதியில், ஸ்மோலண்டு மாநிலத்து ரோஷுல்ட் என்னும் சிற்றூரில் 1707ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் லின்னேயஸ் பிறந்தார். தந்தை நீல்ஸ் இங்கேமார்சன் லுத்தரன் திருச்சபையின் குருவானவர். அந்நாளில் அந்நாட்டு உழவர் குடிகளில் குடும்பப் பெயர் வழங்குவதில்லை; நம் தலைப்பெழுத்தைப் போலத் தந்தை பெயரே அடையாளம். பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்பப் பெயர் ஒன்று வேண்டியிருந்தமையால், தம் குடும்ப நிலத்தில் நின்ற பழைய லிண்டன் மரத்தை நினைந்து நீல்ஸ் தமக்கு லின்னேயஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். செடிகளுக்குப் பெயர் வைக்கப் பிறந்தவருக்குத் தம் பெயரே ஒரு மரத்தின் கொடையாக வாய்த்தது.

குடும்பம் ஸ்டென்புரோஹுல்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. நீல்ஸ் அங்கு அருமையானதொரு தோட்டத்தை உருவாக்கினார். சிறுவன் ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்பான், மறப்பான், மீண்டும் கேட்பான். மறந்தால் இனிப் பெயரே சொல்வதில்லை என்று தந்தை ஒருநாள் கடிந்துகொண்டாராம். அதற்குப் பிறகு மறத்தல் இல்லை. மூத்த மகன் குருப்பட்டம் பெற வேண்டும் என்று ஏங்கிய தாய் கிறிஸ்தினா, இளைய மகனையாவது தோட்டத்துப் பக்கம் அண்டவிடாமல் காத்தார் என்பது அக்குடும்பக் கதை.

வேக்‌ஷோ நகரப் பள்ளியில் சமயப் பாடங்களில் அவர் தேறவில்லை. இவனைத் தையல் தொழிலுக்கோ செருப்புத் தைக்கவோ அனுப்புவது நலம் என்று ஆசிரியர்கள் தந்தையிடம் கூறினர். யோகான் ரோத்மான் என்னும் மருத்துவரே அச்சிறுவனிடம் வேறொன்று இருக்கக் கண்டு, தம் வீட்டில் வைத்துப் பயிற்றினார். 1727இல் லுண்டு, அடுத்த ஆண்டு உப்சாலா என்று இரு பல்கலைக்கழகங்கள். உப்சாலாவில் கைப்பொருள் தீர்ந்தது. காலணியின் ஓட்டைக்குக் காகிதம் வைத்து நடக்கும் நிலை. 1729இல் பல்கலைக்கழகத் தோட்டத்தில் செடிகளைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்த அவ்விளைஞரிடம் இறையியற் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ் பேச்சுக் கொடுத்தார். கேட்ட செடிக்கெல்லாம் விடை வந்தது. செல்சியஸ் அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தார்.

மாணவர்கள் புத்தாண்டு நாளில் தம் பேராசிரியருக்கு வாழ்த்துப்பா எழுதித் தருவது உப்சாலா வழக்கம். 1730ஆம் ஆண்டு பிறந்தபோது லின்னேயஸ் பாட்டுக்கு மாற்றாக ஒரு கட்டுரையைச் செல்சியஸிடம் தந்தார். தாம் கவிஞராகப் பிறக்கவில்லை என்பதை அதில் ஒப்புக்கொண்டார். கட்டுரையின் பொருள் செடிகளின் திருமணம். மகரந்தத் தாள் மணமகன், சூலகம் மணமகள், இதழ்கள் நறுமணம் ஊட்டித் திரையிட்ட மணப்படுக்கை. கவிஞர் அல்லர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் எழுதியதில் உருவகத்துக்குக் குறைவில்லை. இக்கட்டுரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. முதிய பேராசிரியர் ருட்பெக், இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்த அவரையே தோட்டத்தில் பாடம் நடத்த அமர்த்தினார்.

1732ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தனியொருவராய் வடதிசை சென்றார். சாமி மக்கள் வாழும் லாப்லாந்து நிலம் அது. சதுப்பும் பனியும் கொசுவும் நிறைந்த ஐந்து மாதப் பயணம். அங்கு ஈரச் சதுப்பில் இளஞ்சிவப்பு மலர் தாங்கி நின்ற ஒரு குறுஞ்செடி அவர் கண்ணில் பட்டது. வேரை நீர் சூழ, சுற்றிலும் தேரையும் தவளையும் இருக்க, தலைகவிழ்ந்து நின்ற அப்பூவைக் கண்டபோது, கடற்பாறையில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கடல் விலங்குக்கு இரையாக நிறுத்தப்பட்ட கிரேக்கக் கதைமகள் ஆந்திரோமெடா அவர் நினைவுக்கு வந்தாள். நாட்குறிப்பில் செடியையும் பெண்ணையும் அருகருகே வரைந்தார். அச்செடியின் பேரினப் பெயர் இன்றும் ஆந்திரோமெடாவே.

மருத்துவப் பட்டம் பெறுவதற்காக 1735இல் ஆலந்து நாடு சென்றார். ஹார்டர்வைக் என்னும் சிறு பல்கலைக்கழகத்தில் ஒருசில நாள்களில் பட்டம் கிடைத்தது. பையில் அவர் கொண்டுசென்ற கையெழுத்துப் படி அதே ஆண்டு லைடன் நகரில் அச்சேறியது. இயற்கையின் ஒழுங்கமைப்பு எனப் பொருள்படும் பெயருடைய அந்நூல் பன்னிரண்டு பக்க அளவே உடையது; ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சுவரொட்டி அகலம். மூன்று உலகங்களும், அதாவது கல்லும் செடியும் விலங்கும், அதில் கட்டங்களாய் அடங்கின. அந்த ஆண்டிலேயே பேரிழப்பு ஒன்றும் நேர்ந்தது. உப்சாலாவில் அவரோடு பயின்ற உயிர்த் தோழர் பீட்டர் ஆர்டெடி மீன்களை ஆராய்ந்தவர். இருவருள் யார் முந்தி இறந்தாலும் மற்றவர் அவர் எழுத்தை முடித்துத் தரவேண்டும் என்பது அவர்கள் ஒப்பந்தம். செப்டம்பர் மாத இரவொன்றில் ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் தவறி விழுந்து ஆர்டெடி இறந்தார். கையெழுத்துப் படிகளை விடுதிக் கடனிலிருந்து மீட்டு, 1738இல் அம்மீன் நூலை லின்னேயஸ் வெளியிட்டார்.

ஆலந்தில் ஜார்ஜ் கிளிஃபோர்டு என்னும் செல்வர் ஹார்டெகாம்ப் என்ற இடத்தில் வைத்திருந்த தோட்டம் லின்னேயஸின் பொறுப்பில் வந்தது. அத்தோட்டத்து வெப்பக் கூடத்தில் ஒரு வாழை நின்றது. குளிர்நாட்டில் வாழை பூப்பது அரிது. செழுமண்ணில் வைத்துச் சில வாரம் நீரே காட்டாமல் இருந்து, பின்னர் மழைபோல் நீரை ஊற்றச் செய்தார். கோடையும் பருவமழையும் அவ்வாழைக்குக் கூரையின் கீழேயே கிடைத்தன. 1736இல் அது குலை தள்ளியது. அந்த ஒரு வாழையைப் பற்றி மட்டும் அவர் ஒரு நூல் எழுதினார். கொல்லைதோறும் வாழை நிற்கும் நாட்டில் இருப்போர்க்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் தினம் காணும் வாழைப்பூவின் மடலை நீக்கி, எப்பூ காயாகும் எப்பூ உதிரும் என்று வரிசை வரிசையாய் எண்ணியவர் நம்மில் எத்தனை பேர்!

மூன்றாண்டு ஆலந்து வாழ்வில் அவர் வெளியிட்ட நூல்கள் பத்துக்கு மேல். அவற்றுள் 1736இல் வந்த சிறு நூலொன்றில் தாவரவியலின் அடிப்படைகளை 365 நூற்பாக்களாக வகுத்திருந்தார். 1738இல் தாயகம் திரும்பி, ஸ்டாக்ஹோமில் மருத்துவம் பார்த்து, 1739இல் சாரா எலிசபெத் மொரேயாவை மணந்து, 1741இல் உப்சாலாப் பேராசிரியர் ஆன பின்பும் அந்த 365 நூற்பாக்களை அவர் விடவில்லை. 1750இல் கீல்வாதத்தால் படுக்கையில் விழுந்தபோது, மாணவர் பேர் லோஃப்லிங் பக்கத்தில் அமர்ந்து எழுத, அவற்றுக்கு உரையும் எடுத்துக்காட்டும் சொல்லிச் சென்றார். 1751இல் அச்சான அந்நூலே ‘ஃபிலாசஃபியா பொட்டானிகா’. பன்னிரண்டு இயல்கள். நூற்பா, அதன் கீழ் உரை, எடுத்துக்காட்டு என்று அமைந்த அதன் கட்டமைப்பு, நன்னூலை உரையுடன் பயின்றவர்க்குக் கைப்பழக்கமான ஒன்றாகவே தோன்றும்.

செடியை விளக்கும் மொழிக்கு இலக்கணம் அந்நூல். எண்ணிக்கை, வடிவம், ஒப்பளவு, அமைந்த இடம் ஆகிய நான்கை மட்டுமே விளக்கம் நம்பலாம் என்பது அதன் அடிப்படை. நிறம் மண்ணுக்கு மண் மாறும்; மணம் மூக்குக்கு மூக்கு மாறும்; பெரிது சிறிது என்பது பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது; பயனும் விளையும் நாடும் செடியின் மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவை விலக்கப்பட்டன. ஒரு சிற்றினத்தை அதன் உறவினங்களிலிருந்து பிரித்துக் காட்டும் தொடர் பன்னிரண்டு சொற்களைத் தாண்டக்கூடாது. அத்தொடரில் அணி கூடாது, உவமை உருவகம் கூடாது, வினைமுற்றும் வேண்டியதில்லை. உறுப்பின் பெயர் ஒன்று, அதற்கு அடை ஒன்று, பிறகு காற்புள்ளி. தக்காளிக்கு அவர் எழுதிய தொடர் அதன் சிவப்பையோ சுவையையோ பேசவில்லை. தண்டு முள்ளற்றது, மென்மையானது, இலை சிறகுபோல் பிரிந்து வெட்டுண்டது, பூங்கொத்து கிளையற்றது. அவ்வளவே. அந்தச் சில சொற்களைக் கொண்டு அதனைக் கத்தரியிலிருந்தும் மணத்தக்காளியிலிருந்தும் பிரித்துவிட முடிந்தது.

இதற்கு ஒவ்வொரு சொல்லும் ஒரே பொருளில் நிற்க வேண்டும். பழைய இலத்தீனில் பல பொருளில் திரிந்த சொற்களை அவர் பிடித்து நிறுத்தினார். தலையில் சூடும் சிறு மாலையைக் குறித்த சொல் அல்லிவட்டத்துக்கு மட்டும் உரியதாயிற்று. இலை வடிவங்களை வரிசையாகப் படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைக் கட்டினார். ஈட்டி, அம்பு, முட்டை, இதயம், சிறுநீரகம், கேடயம், உள்ளங்கை, இறகு. தமிழ்ப் பாடநூல்களில் ஈட்டி வடிவ இலை, இதய வடிவ இலை என்று மாணவர் மனப்பாடம் செய்பவை இப்பட்டியலின் வழித்தோன்றல்களே. உருவகத்தை வாசலில் தடுத்து நிறுத்தியவரின் வீட்டுக்குள் உருவகங்களே கல்லாய்ச் சமைந்து கிடந்தன என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். அளவைகளுக்கும் அவர் உடம்பையே நாடினார். மயிரிழை, நகம், பெருவிரல், உள்ளங்கை, சாண், முழம் என்று ஏறிச்செல்லும் அவ்வரிசையை எந்தத் தமிழ்ப் பூக்காரியும் எளிதில் புரிந்துகொள்வார்.

இங்கே தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வருவது இயல்பு. வயிரம் வெளியே இருப்பது புல், உள்ளே இருப்பது மரம் என்று பிரித்து, இரண்டற்கும் உரிய உறுப்புச் சொற்களைத் தனித்தனியே வரையறுத்த மரபு அது. தென்னைக்கு ஓலை, மாவுக்கு இலை என்று இன்றும் பேச்சில் பிறழாமல் நிற்பது அம்மரபே. அரும்பு, போது, மலர், வீ என்று பூவின் பருவத்துக்குச் சொல் வைத்த மொழி தமிழ். லின்னேயஸின் விளக்கத் தொடரில் பருவத்துக்கு இடமில்லை. பூ விரிந்த நிலையில் நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டது. ஆனால் அவர் பூவின் காலத்தை அறியாதவர் அல்லர். எப்பூ எந்த மணிக்கு விரியும், எந்த மணிக்குக் குவியும் என்று உப்சாலாவில் நோக்கி எழுதிய பூக்கடிகாரம் அதே நூலில்தான் இருக்கிறது. விளக்கத்தில் சேர்க்க முடியாததை அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவருடைய வகைப்பாடு எண்ணிக்கையில் நின்றது. மகரந்தத் தாள்களை எண்ணி, செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தார். ஒரு தாளுடைய மஞ்சள் முதல் வகுப்பு. இரு தாளுடைய மல்லிகை இரண்டாவது. ஐந்து தாளுடைய ஊமத்தை ஐந்தாவது. நான்கில் இரண்டு நீண்ட துளசிக்கு ஒரு வகுப்பு. ஆறில் நான்கு நீண்ட கடுகுக்கு ஒன்று. செம்பருத்தியில் தாள்கள் எல்லாம் ஒரு குழலாய் ஒட்டியிருக்கும். அவ்வகுப்புக்கு ஒரே உடன்பிறப்புக் கூட்டம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக்கினார். பூவே வெளித்தெரியாத பாசி, பெரணி முதலியன மறைமணம் என்னும் கடைசி வகுப்பு. இது செயற்கையான அடுக்கு என்பது அவருக்கே தெரியும். உறவில்லாதவை ஒன்றாயின, உறவுள்ளவை பிரிந்தன. அடுத்த நூற்றாண்டில் இம்முறை கைவிடப்பட்டது. ஆனால் எண்ணத் தெரிந்த எவரும் செடியை அடையாளம் காணலாம் என்ற வாசலை அது திறந்தது. இம்மணவினைப் பேச்சு ஒழுக்கக்கேடு என்று பீட்டர்ஸ்பர்க் தாவரவியலார் சீகெஸ்பெக் சாடினார். பிசுபிசுப்பாய் ஒட்டும் ஒரு களைச்செடி இன்றும் சீகெஸ்பெக் பெயரைச் சுமக்கிறது. பழிதீர்க்கவே லின்னேயஸ் அப்பெயர் தந்தார் என்போர் உளர்.

மனிதர் பெயரைச் செடிக்கு இடுவதில் அவர் காட்டிய நுட்பம் இனியது. மந்தாரை இலை நடுவே பிளந்து இரு மடலாய் நிற்கும். அதன் பேரினம் பாகினியா, போவான் என்னும் இரு தாவரவியல் உடன்பிறப்புகளின் பெயர் தாங்கியது. ஒரே காம்பில் இரு மடல் என்பதே பொருத்தம் என்று அவர் விளக்கினார். வயல் வரப்பில் நீலப்பூப் பூக்கும் கானாவாழைக்குப் பேரினப் பெயர் கொம்மெலினா. அதன் மூன்று இதழ்களில் இரண்டு எடுப்பானவை, ஒன்று கண்ணுக்குப் படாதது. ஆலந்தின் கொம்மெலின் குடும்பத்தில் மூவர் தாவரவியலுக்கு வந்தனர். இருவர் புகழடைய, மூன்றாமவர் எதுவும் செய்யுமுன் இறந்தார். 1737ஆம் ஆண்டு நூலில் இதை எழுதியவர்தான் விளக்கத் தொடரில் அணியைத் தடைசெய்தவர்.

அக்குடும்பத்து யான் கொம்மெலின் உரைக்குறிப்பு எழுதிய பெருநூல் ஒன்று லின்னேயஸின் மேசையில் எப்போதும் இருந்தது. கொச்சியில் ஆலந்து ஆளுநராக இருந்த வான் ரீடு, சேர்த்தலையைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் முதலானோர் துணையால் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ அது. தாம் நேரில் காணாத நாடுகளின் செடிகளுக்கு மிகச் சில நூல்களையே நம்பலாம் என்ற லின்னேயஸ், அச்சிலவற்றுள் இதனை வைத்தார். இலங்கையில் பவுல் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகள் கைக்கு வந்தபோது, அவற்றைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார்.

இவற்றிலெல்லாம் செடிகள் தத்தம் நாட்டுப் பெயரோடு நின்றன. லின்னேயஸின் இலக்கணமோ, கிரேக்கமோ இலத்தீனோ அல்லாத பேரினப் பெயர் காட்டுமிராண்டிச் சொல், அதனை நீக்குக என்றது. அறிவோடு வந்த நாட்டவரின் சொல்லை அறிவை வைத்துக்கொண்டு நீக்கிய இக்கொள்கை நியாயமானதன்று. அவர் தாமும் அதனை முற்றக் கடைப்பிடிக்கவில்லை. வாழைக்கு அரபு வழிவந்த மூசா என்ற பெயரை, அகஸ்டஸ் பேரரசரின் மருத்துவர் அந்தோனியுஸ் மூசாவின் பெயராக்கிக் காப்பாற்றினார். மாங்காயின் மாங்காவுக்குப் பின் தாங்குவது என்னும் இலத்தீன் ஒட்டைச் சேர்த்து மாஞ்சிபெரா என்றார்.

எஞ்சிய நாட்டுப் பெயர்கள் தஞ்சம் புகுந்த இடம் எதிர்பாராதது. 1753இல் வெளிவந்த ‘ஸ்பீசியஸ் பிளாந்தாரும்’ அவர் வாழ்வின் பெருநூல். இரு தொகுதிகள், ஏறத்தாழ 5,900 சிற்றினங்கள். ஒவ்வொன்றுக்கும் பேரினப் பெயரும் பன்னிரு சொல்லுக்குள் அடங்கிய விளக்கத் தொடரும். அத்தொடரே செடியின் உண்மைப் பெயர் என்பது அவர் கருத்து. ஆனால் பக்க ஓரத்தில் ஒற்றைச் சொல் ஒன்றையும் அச்சிட்டார். ஆடுமாடுகள் எந்தச் செடியை உண்ணும், எதனை ஒதுக்கும் என்று மாணவர்களை விட்டுக் கணக்கெடுத்தபோது, மேய்ச்சல் நிலத்தில் நின்றுகொண்டு முழுத் தொடரை எழுத முடியாமையால் குறியீடாக ஒற்றைச் சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தார். 1749இல் வந்த அக்கணக்கே இவ்வோரச் சொல்லின் தொடக்கம். ஓரச் சொல்லுக்கு இலக்கணக் கெடுபிடி குறைவு. ஆடாதோடையும், மகிழுக்கு மலபாரில் வழங்கிய எலெஞ்சியும், முருங்கையும் அவ்வோரத்தில் வந்து நின்றன. முப்பதாண்டு உழைத்துச் செதுக்கிய விளக்கத் தொடர்கள் பின்னர் வழக்கொழிந்தன. கைச்சுமை குறைக்க எழுதிய ஓரச்சொல்லே பேரினப் பெயரோடு சேர்ந்து நிலைத்தது. 1905ஆம் ஆண்டு வியன்னா மாநாடு செடிப்பெயர்களின் தொடக்கமாக 1753ஆம் ஆண்டு நூலையே கொண்டது. விளக்கத் தொடர் மறைந்தாலும் அதன் சொற்கள் மறையவில்லை. புதுச்செடி கண்டவர் இன்றும் அச்சொற்களாலேயே எழுதுகிறார்.

இவ்வளவு கட்டுப்பாடு விதித்தவர் அதனைக் கைவிட்ட இடம் ஒன்றுண்டு. 1758இல் வந்த ‘இயற்கையின் ஒழுங்கமைப்பு’ பத்தாம் பதிப்பில் மனித இனத்தை நான்கு கண்டங்களுக்கு நான்காகப் பிரித்தார். செடிக்கு ஆகாது என்ற நிறமே இங்கு முதல் அடையாளம். அதற்கும் மேலாக, ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர், ஆசியர் கருத்துகளால் ஆளப்படுவோர், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கினர் என்று குணமும் எழுதினார். எண்ணிக்கை இல்லை, வடிவம் இல்லை, கேள்விப்பட்டதே சான்று. ஒரு களைச்செடிக்குக் காட்டிய நேர்மையை அவர் மனிதனுக்குக் காட்டவில்லை. பின்வந்த இனவாதத்துக்கு இக்கட்டம் அடித்தளமாகப் பயன்பட்டது.

உலகச் செடிகளெல்லாம் உப்சாலாவுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை; அதற்கு மாணவர்களை அனுப்பினார். முதலில் சென்ற தார்ன்ஸ்ட்ரோம் 1746இல் வியட்நாம் கடலோரத் தீவொன்றில் இறந்தார். என் கணவனைக் கொன்றவர் நீரே என்று அவர் மனைவி பழி கூறியதன் பின், மணமாகாதவர்களையே அனுப்பினார். ஹசல்குவிஸ்ட் 1752இல் ஸ்மிர்னாவில் மாண்டார். உரையெழுத அருகிருந்த லோஃப்லிங் 1756இல் வெனிசுவேலாவில். ஃபோர்ஸ்கோல் 1763இல் ஏமனில். விடாப்பிடியான அம்மாணவர் பெயரை, பற்றினால் விடாத ஒரு செடிக்கு ஆசிரியர் வைத்தார்.

தமிழ்நாட்டுக்கு வந்தவர் யோகான் கெரார்டு கோனிக். பால்டிக் கரையில் பிறந்து லின்னேயஸிடம் பயின்ற இவர், 1768இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் சென்னைக் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் செடியாராய்ச்சிப் பணி. தரங்கம்பாடியிலிருந்து மடலும் உலர்செடியும் உப்சாலாவுக்குச் சென்றவண்ணம் இருந்தன. 1771இல் லின்னேயஸ் ஒரு சிறுமரத்தின் ஓரச்சொல்லாகக் கோனிக்கின் பெயரை இட்டார். பேரினப் பெயர் பிற்காலத்தில் மாறியது. மீண்டும் பழையதே பொருந்தும் என்பாரும் உளர். கோனிக்கின் பெயர் மட்டும் மாறவில்லை. அம்மரம் கறிவேப்பிலை. கோனிக்கிடம் செடி நோக்கப் பழகிய மிஷனரி ரொட்லர், ஒரு கையால் உலர்செடிகளைச் சேர்த்து, மறுகையால் தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தார். 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவ்வகராதி முடியுமுன், 1836இல் ரொட்லர் காலமானார்.

1774இல் லின்னேயஸைப் பக்கவாதம் தாக்கியது. சிறிது தேறினார், மீண்டும் தாக்கியது. நினைவு அடுக்கடுக்காக உதிர்ந்தது. செடிகளின் பெயர் போயிற்று. மனிதரின் பெயர் போயிற்று. ஒரு கட்டத்தில் தம் பெயரையும் மறந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். தாம் எழுதிய நூல்களைப் புரட்டிக் காட்டினால், யாரோ எழுதியவையென நினைத்து, எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று மகிழ்வாராம். 1778 ஜனவரி 10ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. உப்சாலாப் பேராலயத் தரையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் இளைய கார்ல் தந்தையின் தொகுப்பைப் பேணி வந்தார்; 1783இல் அவரும் இறந்தார். மகள்களுக்கு வழிசெய்ய வேண்டியிருந்த சாரா, அடுத்த ஆண்டு ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்னும் 24 வயது ஆங்கில இளைஞருக்கு, நூல்கள், மடல்கள், உலர்செடிகள் அனைத்தையும் ஆயிரம் கினிக்கு விற்றார். பெட்டிகள் கப்பலேறி லண்டன் சேர்ந்தன. அங்கே லின்னேயஸ் பெயரால் 1788இல் தொடங்கிய கழகத்தில், ஏறத்தாழ 14,000 உலர்செடித் தாள்கள் இன்றும் இருக்கின்றன. தாள்களின் அடியில் லின்னேயஸ் தம் கையாலேயே அந்த ஒற்றை ஓரச்சொல்லை எழுதியிருப்பதைப் பலவற்றில் காணலாம். தரங்கம்பாடிக் கரையிலிருந்து கோனிக் அனுப்பிய செடிகளும் அவற்றிடையே உள்ளன.